கர்தினாலின் கை

எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் போப்பைத் தேர்ந்தெடுக்கும் விதிமுறை அத்துப்படியாகத் தெரிந்த ஒரே விவசாயி அவர்தான். ஊர் வைத்த பெயர் கர்தினால்; போப்பை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சிவப்பு அங்கிக் குருமார்களின் பட்டம் அது. கிறிஸ்தவர் அல்ல, பெருமாள் கோயில் புளியோதரைக்கு முதல் ஆள். போப் தேர்தலை டிவியில் பார்த்ததிலிருந்து தோளில் சிவப்புத் துண்டைத் தவிர வேறு போடமாட்டார்.

எங்கள் வாய்க்கால் சங்கக் கூட்டங்களில் பெரியவர்கள் தூங்கி எழுந்து இரண்டு பக்கத்துக்கும் கை தூக்குவார்கள். ஒருநாள் கர்தினால் பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

"அங்க ரோம்ல எண்பது ஆயிட்டா கர்தினாலுக்கே ஓட்டு கெடையாதுங்க. பேசலாம், அவ்வளவுதான். நாமளும் அப்படியே வச்சிக்குவோம்."

ஊரே கைதட்டி ஒப்புக்கொண்டது.

போன குறுவைக்கு நாற்று விட்ட சமயம் சங்கத் தலைவர் காலமானார். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்தான் மதகு திறக்க முறை வைப்பார். வாய்க்கால் தொடங்கும் தலைமடைக்காரரான மாணிக்கம் உட்கார்ந்தால், அது முடியும் கடைமடையில் எங்கள் வயலுக்குக் காற்றுதான் பாயும். எங்கள் பக்கம் ஒரே ஒரு ஓட்டு கூடுதல். அது கர்தினாலின் ஓட்டு.

காரியம் முடிவதற்குள் அவருக்கு எண்பது ஆகிவிட்டது! வீடு வீடாகப் பாயசம் கொடுத்தார். நாங்கள் டம்ளரை வைத்துவிட்டு விரலில் ஓட்டு எண்ணினோம்: இரண்டு பக்கமும் சமம்.

கூட்டத்தில் மாணிக்கம் சிரித்தார். "ஐயா, நீங்க போட்ட விதி. கைய மடியிலயே வச்சிக்குங்க."

கர்தினால் கண்ணைத் திறக்காமலே, ஏதோ கனவுக்குள்ளிருந்து பேசினார். "தேர்தல் அன்னிக்கு வயசு என்னன்னு அங்க பாக்கமாட்டாங்க தம்பி. நாற்காலி காலியான அன்னிக்குத்தான் கணக்கு. நம்ம தலைவர் கண்ண மூடுனப்ப எனக்கு எழுபத்தொம்பது."

மாணிக்கம் செல்போனில் தேடினார். தேடத் தேட முகம் வாடியது. கர்தினாலின் கை நிதானமாக உயர்ந்தது. எங்கள் ஆள் தலைவரானார்.

உடனே வாசலில் ஈர வைக்கோலைக் கொளுத்தினார் கர்தினால். "புது போப் வந்தா அங்க வெள்ளைப் புகை விடுவாங்க. நமக்கும் வரணும்ல!" தலைமடை, கடைமடை பேதமில்லாமல் ஊரே இருமியது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் தண்ணீர் வந்தது. வெடித்த மண் குடிக்கும் சத்தம் கேட்டது. வயலுக்குள் கணுக்கால் நனைய, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார் கர்தினால். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. இன்னொரு முறை கூப்பிட மனம் வரவில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எண்பது ஆகிவிட்டதால் அடுத்த கூட்டத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. "தலைமடையும் காயக் கூடாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டு கேட்டபோது நாங்கள் யாரும் உடனே கை தூக்கவில்லை. முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தோம். மாணிக்கமும் பார்த்தார்.