நாலுமணி அக்காவின் புளியங்கொட்டைகள்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் நாலுமணி அக்காவைப்போல் பயந்த மனுஷி இதுவரை பிறந்ததில்லை. அவரைப்போல் தைரியசாலியும் பிறந்ததில்லை. இரண்டும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும் என்று கேட்டால், அவருக்கு எதிர் மேஜையில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான் என்பதைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.

எங்கள் அலுவலகம் ஆற்றைப் பார்த்தமாதிரி இருக்கிறது. பெயர் வேண்டாம். ஊர்களுக்குக் குடிநீர் அனுப்புகிற வேலை. தண்ணீர் வந்தால் எங்களை யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் எங்கள் அப்பா அம்மாவையும் சேர்த்து நினைப்பார்கள். அக்கா அங்கே கண்காணிப்பாளர். பாளையங்கோட்டைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நெற்றியில் திருநீறு, தோளில் பெரிய பை. எங்கள் பக்கத்தில் பெண்கள் பொதுவாக ஆண்களை 'வே' போட்டுப் பேசமாட்டார்கள். அவர் போடுவார். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த ஆளையும் 'உக்காரும்வே' என்றுதான் சொன்னார். அந்த ஆளும் உட்கார்ந்தார்.

உலகத்தில் பயப்படுவதற்கென்று ஒரு விஷயம் இருந்தால் அதற்கு அக்கா முன்கூட்டியே பயந்து வைத்திருப்பார். மின்விசிறி கழன்று விழும் என்று மேஜையைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்னி நட்சத்திரத்தில் நாங்கள் எல்லோரும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வெந்துகொண்டிருப்போம். அவர் மட்டும் மூலையில் காற்றில்லாமல், ஆனால் நிம்மதியாக வியர்த்துக்கொண்டிருப்பார். பேருந்தில் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் உட்காரமாட்டார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது யாரிடமும் பேசமாட்டார். பேச்சு சுவாரசியத்தில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன ஆவது?

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கேஸ் அடுப்பின் குமிழைப் போட்டோ எடுத்துக்கொள்வார். அலுவலகத்தில் சந்தேகம் வரும்போதெல்லாம் படத்தைப் பார்ப்பார். ஒருநாள் போனில் இடமில்லை, என்னவென்று பாரும் என்று என்னிடம் நீட்டினார். திறந்தால் அடுப்பு, அடுத்தது அடுப்பு, அதற்கடுத்ததும் அடுப்பு. நடுவில் ஒரே ஒரு பேரன் படம். அதிலும் பின்னால் அடுப்பு தெரிந்தது.

இப்படிப்பட்டவர் எப்படி வேலை பார்த்தார்? அங்கேதான் நாலு மணி வருகிறது.

வருஷங்களுக்கு முன்பு ஒரு மனநல மருத்துவர் அவரிடம், கவலைப்படாமல் இருக்க முடியாதென்றால் அதற்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அக்கா நாலு மணியைத் தேர்ந்தெடுத்தார். மருத்துவர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் அக்காவின் சொந்தத் தயாரிப்பு.

பையில் ஒரு சுருக்குப் பை நிறைய புளியங்கொட்டை. மேஜைமேல் ஒரு காலி ஊறுகாய் பாட்டில். மனசுக்குள் ஒரு கவலை எட்டிப் பார்த்ததும் ஒரு கொட்டையை எடுப்பார், "நாலு மணிக்கு வா" என்று அதனிடம் சொல்வார், பாட்டிலில் போடுவார், அடுத்த கோப்பைப் பிரிப்பார். அரசாங்க அலுவலகத்தில் மனுவோடு வருகிறவரைப் பிறகு வரச்சொல்வது புதிதில்லை. அக்கா தன் கவலைகளை அப்படி நடத்தினார். ஒரே வித்தியாசம், சொன்ன நேரத்துக்கு அவர் கட்டாயம் இருப்பார்.

நாலு மணி ஆனதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் மருத மரத்தடிக்குப் போவார். கொட்டைகளை மடியில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து, இது மருமகன் பைக்கில் போவது, இது மாடித் தண்ணீர்த் தொட்டி, இது கோப்பில் போட்ட கையெழுத்து என்று முழுமனசோடு கவலைப்படுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் ஒரு பார்வை பார்ப்பார், கூப்பிட்டவர் கூப்பிட்டதை மறந்துவிடுவார். எந்தக் கொட்டை எதற்கு என்று நினைவு வராவிட்டால் அந்தக் கவலை செத்துப்போனதாகக் கணக்கு. அதைத் தூக்கி வேலியோரம் எறிந்துவிடுவார். அப்புறம் முகம் கழுவிவிட்டு வந்து உட்காருவார். அக்கா மறந்துபோன கவலைகளால் எங்கள் வேலி நெடுகப் புளியங்கன்றாக முளைத்துக் கிடந்தது. ஆறு கரைமீறி ஊருக்குள் வந்த மழையிலும் அவர் நாலு மணிக்கு மொட்டைமாடியில் குடைபிடித்துக்கொண்டு பாட்டிலைத் திறந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பாட்டிலுக்கும் ஒருநாள் ஆபத்து வந்தது. எங்கள் அலுவலக உதவியாளர் முருகையா களக்காட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். வறுத்த புளியங்கொட்டை என்றால் அவருக்கு உயிர். அக்கா கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், யாரோ தின்பதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, டீ போடுகிற அடுப்பில் வறுத்துத் தோல் நீக்கி மென்றுவிட்டார். நாலு மணிக்கு அக்கா பாட்டிலை எடுத்தால் அடியில் தூசிதான் இருந்தது.

அலுவலகமே நடுங்கியது. முருகையா முன்னால் வந்து, "அக்கா, தெரியாமத் தின்னுட்டேன்" என்றார்.

அக்கா காலி பாட்டிலை ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"ஆமாக்கா."

"செமிச்சிட்டா?"

"செமிச்சிட்டுக்கா."

"அப்பச் சரி" என்றார் அக்கா. "என்னால முடியாதத நீரு செஞ்சிட்டீரு வே."

அன்றைக்கு அவர் சீக்கிரமே சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனார். மாட்டிக்கொண்டது முருகையாதான். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தூக்கம் இல்லை. களக்காட்டில் இருக்கிற மனைவிக்கு மணிக்கொரு தடவை போன் போட்டு, அடுப்பை அணைத்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் விறகடுப்பு.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஆள் நான். சிரிப்பு நின்றது ஒரு ஆவணி மாதத்தில்.

எங்களுக்கு வாராவாரம் ஆய்வுக் கூட்டம் உண்டு. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி திரையில் வருவார். எல்லா மாவட்டமும் கேட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் அவர் பேசுகிற பேச்சைக் காதால் கேட்க முடியாது. வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் தெரிந்தாலே என் கை வியர்க்க ஆரம்பித்திருந்தது. அந்த வாரக் கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டதும் நெஞ்சை யாரோ பிடித்துப் பிசைவதுபோல் இருந்தது. மூச்சு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அக்காதான் ஆட்டோவில் ஏற்றினார். வழியெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஓட்டுநரிடம் பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டார், டயரைப் பற்றி விசாரித்தார், "அண்ணாச்சி, பைய போங்க, அங்கன லாரி வருது" என்று கத்தினார். லாரி வெகு தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. கடைசியில் நான்தான் அவர் கையைப் பிடித்து, ஒன்றும் ஆகாது அக்கா என்று சொல்லவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எனக்குப் பாதி மூச்சு திரும்பியிருந்தது.

இதயத்தில் ஒன்றுமில்லை, இது பதற்றம், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊர் என்ன சொல்லும்?

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடுதீரு. பல்லு வலிச்சா டாக்டர்ட்ட ஓடுதீரு. நெஞ்சு அடிச்சா மட்டும் என்னவே வெக்கம்?" என்றார் அக்கா. "நான் வருஷக்கணக்காப் போயிக்கிட்டுதான் இருக்கேன். யாரு என்ன சொன்னா?"

போனேன். மருந்தும் சாப்பிட்டேன். ஆனால் அந்தத் திரையை நினைத்தால் மட்டும் நெஞ்சு அடங்கவில்லை. இன்னொரு கூட்டத்தில் இதேபோல் ஆனால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்தேன். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவர் மேஜைமேல் ஒரு பனங்கொட்டை இருந்தது. உடன்குடியில் கட்டிக்கொடுத்த தங்கை கொண்டுவந்த பனம்பழத்திலிருந்து எடுத்தது, நாரும் முடியுமாக. இது என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். "பெருசு. பாட்டில்ல போகாது" என்று மட்டும் சொன்னார். நாலு மணிக்குப் பாட்டிலோடு அதையும் கையில் எடுத்துக்கொண்டு போவார். கொட்டையெல்லாம் தீர்ந்தபிறகு கடைசியாக அதை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கவலை அவ்வளவு பெரிது என்று அலுவலகமே ஊகித்தது. சொத்துத் தகராறு என்றார் முருகையா.

புரட்டாசியில் என் முறை மறுபடி வந்தது. ஒரு பெரிய குழாய் உடைந்து சரிசெய்திருந்தோம். அதற்கு நான் பதில் சொல்லவேண்டும். வழக்கமாகக் காலையில் நடக்கிற கூட்டத்தை அன்றைக்கு அதிகாரி சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார். அக்கா எனக்குப் பக்கத்து நாற்காலியில் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

"திருநெல்வேலி" என்றார் அதிகாரி. மைக்கை அழுத்தினேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை. "திருநெல்வேலி, கேக்குதா?" என்றார். கேட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது கலகலவென்று ஒரு சத்தம். அக்கா பாட்டிலை மேஜைமேல் கவிழ்த்துவிட்டார்.

"என்ன சத்தம் அது?" என்றார் அதிகாரி.

அக்கா எழுந்து நின்றார். "புளியங்கொட்டை சார். மணி நாலாயிட்டு. இது நான் கவலப்படுத நேரம்."

திரையில் இருந்த அத்தனை மாவட்டமும் நெட் கட்டானதுபோல் உறைந்து நின்றது. விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. அக்கா சொன்னார். கொட்டை, பாட்டில், மருத மரம், மறந்ததை எறிவது எல்லாவற்றையும், ஒரு திட்ட அறிக்கை வாசிப்பதுபோல் நிதானமாகச் சொன்னார்.

திரைக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. மேஜைக்குக் கீழே அவருடைய இடது கை அந்தப் பனங்கொட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அதிகாரிக்கு மிக அதிகமாகப் பயந்தவர் நான் இல்லை, அவர். அந்த மேஜையில் சிதறிக் கிடந்ததில் பாதி அதிகாரியின் பெயரால் போட்ட கொட்டைகள் என்று பிறகு அவரே சொன்னார். பயமில்லாதவர் எழுந்து நின்றால் அதில் என்ன இருக்கிறது? இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எனக்காக எழுந்து நின்றார்.

அந்த இடைவெளியில் என் மூச்சு வந்துவிட்டது. குழாய் உடைந்ததையும் சரிசெய்ததையும் சொன்னேன். குரல் கொஞ்சம் கரகரத்தது. அதிகாரி, சரி, அடுத்தது என்றார்.

கூட்டம் முடியும்போது அவர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், புளியங்கொட்டைதான் போடணுமா? வேற ஏதாச்சும் போடலாமா?"

"எதுன்னாலும் போடலாம் சார். நாலு மணிக்குத் திருப்பி எடுக்கணும். அதான் முக்கியம்."

அந்த மாதக் கடைசியில் அக்கா ஓய்வுபெற்றார். மாலை போட்டு, முறுக்கும் காப்பியும் கொடுத்து முடிந்தபிறகு என் மேஜைக்கு வந்து பனங்கொட்டையை வைத்தார்.

"இது யாரு கவலைக்கா?" என்று கேட்டேன்.

"நீருதான் வே." அவர் என்னைப் பார்க்காமல் பையின் வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "வேலைய விட்டுட்டு எங்கன போவீரு, என்ன செய்வீருன்னு தெனம் கடைசியா இதத்தான் எடுப்பேன். மறக்கவும் செய்யல, தூக்கி எறியவும் மனசு வரல. இனிமே நீரே வச்சுக்கிடும். மண்ணுல போட்டா பொங்கலுக்குக் கிழங்காவாவது ஆகும்."

வீட்டுக் கொல்லையில் புதைத்தேன். தைப்பொங்கலுக்குத் தோண்டினால் விரல் தடிமனில் ஒரே ஒரு பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, அந்த ஒற்றைக் கிழங்கை வாழை இலையில் சுற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன். மனைவி சிரியாய்ச் சிரித்தாள். அக்கா அதை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை என்னிடம் தந்தார். மென்று பார்த்துவிட்டு, "நாரு கூட. ஆனா நல்லாருக்கு" என்றார். பிறகு மெதுவாக, விருப்ப ஓய்வு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அத நாலு மணிக்குப் பாத்துக்கிடலாம்க்கா" என்றேன்.

இப்போது அவர் தினமும் காலையில் கோயிலுக்குப் போகிறார். கிளம்புமுன் அடுப்பைப் படமெடுக்கிறார். அவர் போனில் இடமில்லாததால் எனக்கு அனுப்பிவிடுகிறார். என் போனும் நிறைந்துவிட்டது, அழித்துத் தொலையுங்கள் அப்பா என்கிறாள் மகள். ஒரு அடுப்பைக்கூட அழிக்க எனக்கு மனசு வரவில்லை.