தாண்டவராயன் எடுத்த தண்டால்

தேகப்பயிற்சிக்காரர் என்று ஒரு பிறவி உண்டு. பயில்வானைச் சொல்லவில்லை. பயில்வானாவது கோதாவில் இறங்கி நாலு பேர் முன்னால் மண்ணைக் கவ்வுவார். நான் சொல்வது, காலையில் ஒரு மணி நேரம் உடம்பைப் போட்டு முறுக்கிவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் அந்த உடம்புக்கு ஒரு வேலையும் வந்து சேராமல் காபந்து பண்ணுகிற மனிதரை.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். விடிகிற நேரத்தில் தெருவில் "ஹும்... ஹும்..." என்று சத்தம் கேட்கும். யார் வீட்டு மாடோ கன்று போடுகிறது என்று பதறி ஓடினால், இவர் வாசலில் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பார். ஏன், பின்கட்டில் இடமில்லையா? இருக்கிறது. ஆனால் பின்கட்டில் யார் பார்ப்பது?

எங்கள் திண்டிவனத்தில் ஐம்பத்தெட்டு வாக்கில் இந்தப் பிறவிக்குத் தாண்டவராயன் என்று பெயர். என் பெரியப்பா மகள் சின்னபொண்ணைக் கட்டியவர். அந்த வழியில் எனக்கு மச்சான். அவருடைய அம்மா வழியில் சுற்றிக்கொண்டு வந்தால் மாமன் முறையும் ஆகும். ஆனால் மாமனைக் கேலி பண்ண முடியாதே, அதனால் மச்சான் முறையையே வைத்துக்கொண்டேன்.

அவர் தேகப்பயிற்சியில் இறங்கியதற்குக் காரணம் அம்மன் பல்லக்கு. ஆடித் திருநாளில் பல்லக்கின் வலது முன்தண்டைப் பிடிப்பது அவர் வகையறாவுக்கு உரிமை. அவர் அப்பா பிடித்தார், அதற்கு முன் தாத்தா பிடித்தார். தண்டு பிடித்தவருக்குத்தான் முதல் பரிவட்டம். முந்தின வருஷம் இரண்டாவது வீதி திரும்பும்போதே இவருக்கு மூச்சு வாங்கி, கண் இருட்டி, "தோள் மாத்து, தோள் மாத்து" என்று அலறி, பல்லக்கு ஒருபக்கம் சாய்ந்து, மேலே உட்கார்ந்திருந்த பூசாரி அம்மனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிழைத்தார். ஊர்ப் பெரியவர் பாண்டுரங்கன் அன்றைக்கே சொல்லிவிட்டார்:

"இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம் தாண்டவராயா. நாலு வீதியும் தோள் மாத்தாம வந்தீன்னா தண்டு உன்னுது. இல்லாட்டி உன் பங்காளி விருத்தாசலம் புடிக்கட்டும். உன் பையனுக்கும் அப்புறம் கெடையாது, சொல்லிட்டேன்."

மறு வாரமே விழுப்புரத்திலிருந்து ரயிலில் கர்லாக்கட்டை ஒரு ஜோடி வந்து இறங்கியது. புதுச்சேரியிலிருந்து மார்பை விரிக்கிற ஸ்பிரிங் வந்தது. ஸ்டேஷனிலிருந்து வீடு மூன்று பர்லாங்கு. கர்லாக்கட்டையைக் கூலியாள் தலையில் ஏற்றிவிட்டு இவர் ஜட்காவில் வந்தார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். காலையில் ஐம்பது தண்டால், ஐம்பது பஸ்கி, இருபது சுற்று கர்லாக்கட்டை. முடிந்ததும் அப்படியே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "சின்னபொண்ணு, அந்த விசிறிய எடு" என்பார். விசிறி அவர் கால்மாட்டில் கிடக்கும். அவள் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்து எடுத்துக் கொடுப்பாள். தேகப்பயிற்சிக்காரர் குனியக்கூடாது, நரம்பு தளர்ந்துவிடுமாம். சாப்பாட்டுக்கு முட்டை நாலு, நெய் ஒரு கரண்டி, ஊறவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஒரு படி. "ஒடம்பு கேக்குது, நான் இன்னா பண்றது?" என்பார். உடம்பு கேட்டுக்கொண்டே இருந்தது. கொல்லைக்குப் போய்ப் பயிரைப் பார்ப்பதற்கோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கோ அவருக்கு எங்கே தெம்பு? பயிற்சி பண்ணின உடம்பாயிற்றே!

வெள்ளிக்கிழமை தோறும் மல்லாட்டை மண்டிக்குப் போய் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்பார். பங்குனியில் நூற்றெண்பத்தொரு ராத்தல். வைகாசியில் நூற்றெண்பத்தாறு. "எல்லாம் சதைக்கட்டு" என்று தொடையைத் தட்டிக் காட்டுவார். தட்டினால் தொடை நின்ற பிறகும் வயிறு கொஞ்ச நேரம் ஆடும்.

ஆனி பிறந்தது. திருநாளுக்கு ஒன்றரை மாதம். ஒரு நாள் விடியற்காலை, தண்டால் பாதியில் இருக்கும்போது உள்ளேயிருந்து சின்னபொண்ணு கத்தினாள்.

"ஐயோ, முதுகு புடிச்சிக்கிச்சே!"

"எங்க புடிச்சிக்கிச்சு?"

"எங்க புடிச்சா இன்னாங்க? மாடு கத்துது, போய் தண்ணி சேந்துங்க."

ஆள் வைக்கலாமே என்பீர்கள். மல்லாட்டைக் களைவெட்டு நேரத்தில் எவன் கிடைப்பான்? சேந்தினார். ஏழு குடம் வீட்டுக்கு, நாலு குடம் மாட்டுக்கு. அப்புறம் கேப்பை அரைக்க எந்திரக்கல். அதை முடித்தால் களைவெட்டுகிறவர்களுக்குக் கூழ்ப் பானை. கொல்லை கிளியனூர் சாலையில் இரண்டு மைல் தள்ளி. ஜட்காவைக் கூப்பிட்டுப் பார்த்தார். "வரப்பு மேல குதிரை எப்படிங்க போவும்?" என்றான் வண்டிக்காரன். தலையில் பானையை ஏற்றிக்கொண்டு நடந்தார். திரும்பி வரும்போது சும்மா வரலாமா? புல்லுக்கட்டு.

நான் தங்கையைப் பார்த்து வரலாம் என்று போனேன். பாயில் முனகிக்கொண்டு படுத்திருந்தாள். புருஷன் தலை தெருமுனையில் மறைந்தது. எழுந்தாள், மூலையில் இருந்த நெல் மூட்டையை இடுப்பால் முட்டி நகர்த்தினாள், அடியில் பெருக்கினாள், மறுபடியும் நகர்த்தி வைத்துவிட்டு வந்து பாயில் படுத்துக்கொண்டாள்.

"என்னா சின்னபொண்ணு இது?" என்றேன்.

"வாய மூடிக்கினு இருண்ணா. என் பையன் தண்டு பங்காளி வூட்டுக்குப் போறத நான் பாத்துக்கினு இருக்கணுமா?"

ஒரு மாதம் கழித்து மச்சான் என்னிடம் வந்து அழாத குறை.

"மச்சான், தண்டால் எடுக்க நேரமே இல்ல. தண்ணி சேந்தறேன், கல்லு சுத்தறேன், கூழு சொமந்துக்கினு போறேன். கர்லாக்கட்டைய கரையான் அரிச்சிக்கினு கெடக்குது. ஒடம்பு கெட்டுப்போச்சு. ஒரே பேஜாரு."

மண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். தராசில் ஏறினார். நூற்றெண்பத்து மூன்று! இவ்வளவு பாடுபட்டும் மூன்றே ராத்தல்தான் குறைந்திருக்கிறதா என்று தராசையே முறைத்தார். எடை போடுகிற சீனுவாசன் சிரித்தான்.

"தராசு எடையத்தாங்க சொல்லும். மூட்டைக்குள்ள இருக்கறது பருப்பா தோலான்னு அதுக்கு எப்படித் தெரியும்? பெல்ட்டைப் பாருங்க."

பார்த்தோம். அவருடைய அகலமான பச்சைப் பெல்ட்டு மூன்று ஓட்டை உள்ளே போயிருந்தது. "தோலு நைஞ்சு போச்சு" என்றார் மச்சான். தன் தோலை அல்ல, பெல்ட்டுத் தோலை.

திருநாள் வந்தது. விருத்தாசலம் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு பல்லக்குக்குப் பக்கத்திலேயே நடந்தார். மச்சான் முகம் வெளுத்திருந்தது. முதல் வீதி போயிற்று. இரண்டாவது வீதி முனையில், "அண்ணாத்தே, குடுத்துடேன்" என்றார் விருத்தாசலம் கரிசனமாக. மச்சான் தண்டை இன்னும் இறுகப் பிடித்தார். மூன்றாவது வீதியும் போயிற்று. நாலாவதில் ஒரு தூறல் போட்டுச் சேறாகி, இடது முன்தண்டு பிடித்தவன் வழுக்கி முழங்காலில் விழுந்தான். பூசாரி மறுபடியும் அம்மனைக் கட்டிக்கொண்டார். கூட்டத்தில் சின்னபொண்ணு கற்பூரத் தட்டோடு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மச்சான் காலை அகட்டி ஊன்றி, ஒரு 'ஹும்' கூட இல்லாமல், விழுந்தவன் எழுகிற வரைக்கும் பாரத்தைத் தாங்கி நின்றார். அப்புறம் நடந்தார். கோயில் வாசலில் இறக்கினார். விருத்தாசலம் துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலையில் பரிவட்டத்தோடு மச்சான் என்னைத் தேடி வந்தார்.

"பாத்தியா மச்சான்? ஒரு வருஷமா எடுத்த தண்டாலு! நடுவுல ஒண்ணரை மாசம் வூட்டு வேலை அத்தனையும் செஞ்சு ஒடம்பக் கெடுத்துக்கினும், அந்த பலம் அப்படியே நிக்குது பார்!"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சின்னபொண்ணைப் பார்த்தேன்.

"ஆமாங்க," என்றாள் அவள் பயபக்தியோடு. அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் என்னிடம் குனிந்து, "உடுண்ணா. அடுத்த ஆனியில மறுபடியும் முதுகு புடிச்சிக்கும்" என்றாள்.

இதைப் படித்துவிட்டு, உங்கள் தெருவிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறார் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு இதைப் படிக்கும்போதே, வீட்டில் யாரோ துடைப்பத்தோடு பெருக்கிக்கொண்டு வர, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல் இரண்டு காலையும் தூக்கிக் கொடுத்தீர்களே, அதையும் தேகப்பயிற்சி என்று சொல்லிவிடாதீர்கள்.