ஆவி குடியிருந்த பன் பெட்டி

திண்டுக்கல் டவுனில் விற்பனைக்கு வந்த அத்தனை கண்ணாடிச் சாமான்களையும் முகத்தருகே தூக்கி, வாயைக் குவித்து, 'ஹா' என்று ஊதிப் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஊதியதும் கண்ணாடியில் படிகிற மங்கலைத் தலை சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். "ம்ஹூம், ஆவி நிக்கலையே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். இதனால் அவருக்கு ஆவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஆனால் 'ஆவி, மாடி அறை, நாகல் நகர்' என்று எழுதிப் போட்டாலே கடிதம் தவறாமல் வந்து சேர்ந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. அந்த மாடி அறையில் நாங்கள் ஐந்து பிரம்மச்சாரிகள். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. தந்தி ஆபீசில் வேலை பார்த்த ஒருவன். அவனைத் தந்தி என்றே கூப்பிடுவோம். ஜவுளிக் கடையில் இருந்த இரண்டு பேர். ஐந்தாவது, தோல் பதனிடும் ஷாப்பில் எழுத்து வேலை பார்த்த ஆவி. காலையில் தண்ணீர் வண்டிக்காரர் வந்து ஆளுக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போவார். குடிப்பது, குளிப்பது, முகம் மழிப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். சட்டையைக் கேட்டால் கழற்றிக் கொடுப்போம், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வோம்.

ஆவிக்கு முப்பத்து நாலு வயது. அப்பா, அம்மா இல்லை. கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று கொள்ளை ஆசை. மூன்று இடத்தில் பேச்சு நடந்து மூன்றும் நின்று போயிற்று. மாப்பிள்ளை மேல் யாரும் குறை சொல்லவில்லை, ஊர் மேல்தான் சொன்னார்கள். "பையன் தங்கமான பையன். ஆனா தண்ணியில்லாத ஊருல எங்க பிள்ளையக் கொண்டாந்து தள்ள முடியாதுய்யா" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலாவதாகக் கம்பம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பள்ளிக்கூடத்து டீச்சர். பெண்ணின் அப்பா, வாய்க்கால் வரப்பிலேயே வளர்ந்தவர், ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'தங்கள் இருப்பிடத்தில் செடி கொடி ஏதேனும் உண்டா?'

அந்த நேரம் பார்த்துத்தான் ஆவியின் கைக்கு அந்தக் காகிதம் வந்தது. வறுகடலை மடித்துக் கொடுத்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாள். ஒரு வெள்ளைக்காரி வீட்டு மேஜையில் மூடி போட்ட கண்ணாடிக் குடுவை, அதற்குள் பச்சைப்பசேலென்று குட்டித் தோட்டம். 'டெரேரியம்' என்று பெயர். உள்ளே இருக்கிற ஈரமே ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணில் இறங்கிக்கொள்ளுமாம், தினம் தண்ணீர் ஊற்ற வேண்டாமாம். அதற்குக் கீழே 'முதலில் கண்ணாடியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்' என்று இருந்தது. அதோடு தாள் கிழிந்திருந்தது. மிச்சம் யார் கடலையோடு போயிற்றோ, தெரியாது. மனிதருக்குக் கிடைத்த உபதேசம் அந்த ஒரு வரிதான். அதைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் டீக்கடை பாயிடம் போனார்.

"பாய், அந்தக் கமர்கட்டு பாட்டில எடுங்க."

"கமர்கட்டு எம்புட்டு வேணும்?"

"கமர்கட்டு வேணாம். பாட்டிலுக்குள்ள வாய வச்சு ஊதிப் பாக்கணும்."

"யா அல்லா! நீங்க ஊதின கமர்கட்ட அப்புறம் யாரு வாங்குவா?"

காலி பாட்டில் ஒன்றைக் கொடுத்தார் பாய். அதில் ஆவி நிற்பதற்குள் எறும்பு வந்து நின்றது. அடுத்து, தோல் ஷாப்பிலிருந்து பெரிய ஆசிட் ஜாடி. வயிறு பெருத்து அம்சமாகத்தான் இருந்தது. காலையில் நட்ட செடி சாயங்காலம் கரிக்கட்டை. பிறகு ஆஸ்பத்திரி கம்பவுண்டரைப் பிடித்து உயரமான கண்ணாடிக் குப்பி ஒன்று வாங்கி வந்தார். "இதுக்குள்ள முன்னாடி என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டாராம். "அத மட்டும் கேக்காதீங்க தம்பி" என்றாராம் கம்பவுண்டர். அன்று முழுக்க எங்கள் அறையில் யாரும் சாப்பிடவில்லை. அந்தக் குப்பியைத் தந்திதான் காகிதத்தில் சுற்றித் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

கடைசியில் பாயே கைகொடுத்தார். பன்னும் வர்க்கியும் அடுக்கி வைக்கிற கண்ணாடிப் பெட்டியை மாற்றிப் புதிது வாங்கியிருந்தார். பழசு மூலையில் கிடந்தது. ஆவி குனிந்து 'ஹா' என்று ஊதினார். மங்கல் கலையவே இல்லை.

"நின்னுருச்சு! நின்னுருச்சுய்யா!" என்று அவர் போட்ட கூச்சலில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவமே, யாருக்கு? எப்ப?" என்று எழுந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் சிறுமலை ஏறினோம். ஈரப்பாறையில் ஒட்டியிருந்த பாசி, சீப்புப் பல் மாதிரி இலை விட்ட குட்டிச் செடிகள், கறுப்பு மண் எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தோம். ஆவி ஒரு தகரத் தட்டில் தோட்டத்தைப் போட்டுப் பெட்டிக்குள் இறக்கி, ஒரே ஒரு தடவை தண்ணீர் தெளித்தார். கதவைச் சாத்தி, கண்ணில் பட்ட இடுக்குகளை மெழுகுவர்த்தி மெழுகால் அடைத்தார். "இனிமே ஒரு பய தொடக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. ஆவி பாத்துக்கிடும்" என்று எங்கள் நால்வரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆவி பார்த்துக்கொண்டது. ஒன்றரை மாதம் கழிந்தும் பெட்டிக்குள் பச்சை குறையவில்லை. அப்போதுதான் பெண் வீட்டார் வந்தார்கள், அப்பாவும் அவருடைய அக்காவும். மேஜை மேல் பெட்டி, கண்ணாடி முழுக்க முத்து முத்தாக ஈரம். பெண்ணின் அப்பா சொக்கிப் போய்விட்டார்.

"அடடா! தண்ணி யாரு தம்பி ஊத்துறா?"

"யாரும் ஊத்துறதில்லீங்க. உள்ள ஆவி இருக்கு."

அந்த அம்மாள் நாற்காலி நுனிக்கு வந்தார். "என்னது இருக்கு?"

"ஆவிங்க. ஒன்றரை மாசமா இருக்கு. கதவத் தொறந்தா வெளிய போயிரும்னுதான் மெழுகு வச்சு அடைச்சிருக்கேன்."

"மாதாவே! பகல்லயேவா இருக்கு?"

"பகல்ல செத்த நேரம் தெரியாது. ராத்திரிதான் ஜாஸ்தி. விடியக்காலையில பாத்தா கண்ணீர் மாதிரி சொட்டும். எங்களுக்குப் பழகிப்போச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் படுக்கிற ரூம்லயே வச்சுக்கிறலாம்."

"தம்பி எந்திரி" என்று சொல்ல வந்து, பதற்றத்தில் தம்பியை 'அண்ணே' ஆக்கி, சிலுவை போட்டுக்கொண்டு அந்த அம்மாள் மாடிப்படியில் இறங்கிய வேகத்தை நான் இன்னொருவரிடம் பார்த்ததில்லை. பின்னாலேயே அவரும் போய்விட்டார். பேய்க்கும் நீராவிக்கும் ஒரே சொல்லை வைத்த தமிழை நான் மனதாரத் திட்டியது அன்று ஒருநாள்தான். ஆவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நாலும் போச்சுடா" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்துப் பெண்ணின் அப்பா திரும்ப வந்தார். கூட அந்தப் பெண்ணே வந்திருந்தாள். அந்தக் காலத்தில் பெண் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது கேள்விப்படாத சங்கதி. ஜவுளிக்கடைக்காரர்கள் இருவரும் பனியனோடு கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

"அத்தை ஊரு பூரா பேயின்னு சொல்லிட்டாங்க. அது பேய் ஆவி இல்ல, இட்லிக் கொப்பரை ஆவின்னு நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். அதான் நேர்லயே பாத்திரலாம்னு வந்தேன்" என்றாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கம் விரலை விட்டாள். விரல் உள்ளே போயிற்று.

"இங்க இம்புட்டுச் சந்து இருக்கே. இதுல ஈரம் ஒரு வாரங்கூட நிக்காது. யாரோ தண்ணி ஊத்துறாங்க."

"ஐயோ, சத்தியமா நான் ஊத்தலைங்க!" என்று பதறினார் ஆவி.

"நீங்க ஊத்தலன்னு தெரியுது" என்றவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

முதலில் உடைந்தது தந்திதான். "வாடிப்போச்சுன்னா மனுசன் தாங்க மாட்டாரேன்னு... வெள்ளிக்கிழமை மட்டும். அந்தச் சந்து வழியா ஒரு டம்ளர்தான்."

"வெள்ளிக்கிழமையா? நான் செவ்வாக்கிழமை ஊத்துறேனே!" என்றது கட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "அப்ப புதன்கிழமை நான் ஊத்துனது?" என்றது இன்னொரு குரல். ஆவி ஞாயிறு பூசைக்குப் போகிற நேரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். நான் மட்டும்தான் சத்தியத்தை மீறினேன் என்று அதுவரை நினைத்துக் கூசிக்கொண்டிருந்தேன்.

"ஏலே பாவிகளா! என் ஆராய்ச்சியவே கெடுத்துட்டீங்களேடா!" என்று ஆவி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கண் கலங்கிவிட்டது.

"யாரு தண்ணிய ஊத்துனீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எங்க எங்க குடத்துத் தண்ணிதாங்க" என்றான் தந்தி.

அவள் அப்பாவிடம் திரும்பி, "எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள்.

"தண்ணி இல்லாத வீடும்மா."

"தண்ணி இல்லதான். ஊத்துறதுக்கு ஆளு இருக்குப்பா."

கல்யாணம் முடிந்து ஆவி ஊரின் அந்தக் கோடியில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனார். மறுநாள் காலையில் வண்டிக்காரர் பழக்கத்தில் ஐந்து குடம் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். ஐந்தாவது குடத்தைச் சுற்றி நாங்கள் நாலு பேரும் நின்றோம். பங்கு போட்டுக்கொள்ள யாரும் வாயெடுக்கவில்லை. "அங்க இப்ப ரெண்டு பேருல்ல" என்றான் தந்தி. ஆள் மாற்றி ஆள் தோளில் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், அந்தக் குடத்தை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தோம். அவ்வளவு பிரியமாக இருந்திருக்கிறோம் அந்தக் கிறுக்கு மனிதர் மேல்.