ஒரு கீறலும் விழாத தோல்வி

மனித குலம் தோல்வியிலிருந்து பாடம் கற்க ஆரம்பித்தது எப்போது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் முறைப்படி குழு அமைத்து, பக்க எண் போட்டு, மூன்று பிரதிகளில் கற்க ஆரம்பித்தது போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே காலுக்குத்தான். அந்தப் பெருமை, பம்பு கம்பெனியில் தர ஆய்வாளராக இருக்கும் நம்மவரையே சேரும். அவர் தோற்றது ஐந்து மணிக்கு. நடுவில் கால் மணி நேரம் பாத்ரூமில் இருந்தார்.

டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறையில் 'போர்க் கழகம்' நடக்கிறது. போர் என்றதும் யாரும் பதற வேண்டாம். ஆறடிக்கு நாலடி மேஜை, அதன் மேல் தெர்மாகோல் குன்றுகள், அட்டை வீடுகள், கட்டைவிரல் உயரத்துக்கு பிளாஸ்டிக் வீரர்கள். எதிரெதிரே இரண்டு பேர் நின்று, அளவு நாடாவைப் பிடித்துத் தங்கள் ஆட்களை நகர்த்துவார்கள், பகடை உருட்டி மோதுவார்கள். மேஜை நடுவில் நான்கு வட்டத் தகடுகள் இருக்கும். ஐந்து சுற்று முடியும்போது யாருடைய ஆட்கள் அதிகத் தகடுகளின் மேல் நிற்கிறார்களோ அவருக்கு வெற்றி. சின்னக் குழந்தைக்கும் புரிந்துவிடும் என்பதால் இதற்கு நூற்றெண்பது பக்கத்தில் விதிப்புத்தகம் வைத்திருக்கிறார்கள்.

நம்மவர் அன்றைக்குக் களமிறக்கியது புத்தம்புதிய படை. 'வெள்ளிக் காவலர்', நாற்பத்திரண்டு பேர். ஏழு மாதம் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, மூன்றே முடி உள்ள பிரஷால் பெயின்ட் அடித்தார். ஒவ்வொருவன் முதுகுத் துணிக்கும் மூன்று வகை நீலம். கண்ணுக்குள் கருவிழி, கருவிழிக்குள் ஒரு ஒளிப்புள்ளி. மனைவியின் கண் என்ன நிறம் என்று கேட்டால், "ஏன், எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான்" என்பார். மூன்றாவது வரிசை ஈட்டிக்காரனின் கண் என்ன நிறம் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

எதிரில் நின்றவன் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அவன் படை பெட்டியிலிருந்து வந்த அதே சாம்பல் நிறத்தில் நின்றது. ஒருவனுக்குக் கை இல்லை. இன்னொருவனுக்குத் தலையைப் பின்பக்கம் பார்க்க ஒட்டியிருந்தான்.

"ஏன் மாப்ளே, பெயின்ட் அடிக்கலையா?"

"அடிச்சா வேகமா ஓடுவானுங்களா மாமா?"

இப்படிப்பட்ட நாகரிகமற்ற கேள்விகளுக்கு நம்மவர் பதில் சொல்வதில்லை.

அன்றைய ஆட்டம் சும்மா ஆட்டமல்ல. அடுத்த மாதம் வெளியூரில் கழகங்களுக்கு இடையே போட்டி. நான்கு பேர் அணியில் மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடம் இந்த இருவரில் ஒருவருக்கு. கழகத்தில் சேர்ந்து ஆறு வருடமாகியும் நம்மவர் ஒரு அணியிலும் இடம் பெற்றதில்லை. ஒவ்வொரு முறையும் பஸ் வரைக்கும் போய்க் கையசைத்துவிட்டு வருவார். அந்த இடத்துக்காக அவர் ஏங்கினார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஏங்கினார். ஆபீசில் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்திருந்தார். காரணம் என்ற கட்டத்தில் 'படையெடுப்பு' என்று நிரப்பியிருந்தார்.

முதல் சுற்றில் வெள்ளிக் காவலர் அசையவில்லை.

"ஏன் மாமா நகரல?"

"குன்று பூரா மணலா ஒட்டி வச்சிருக்காங்க. உரசினா பூட்ஸ் பெயின்ட் போயிடும்."

இரண்டாவது சுற்றில் சாம்பல் படை இரண்டு தகடுகளில் ஏறி உட்கார்ந்தது. மூன்றாவது சுற்றில் நம்மவர் தன் படையை ஒரு அங்குலம் இடது பக்கமாக நகர்த்தினார். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுந்தது. நான்காவது சுற்றில் மைத்துனன் ஏதோ காட்டுவதற்காக கிரீஸ் படிந்த விரலை நீட்ட, "தொடாதே!" என்று இவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைகளில் இரண்டு போர்கள் நின்றுபோயின. ஐந்தாவது சுற்று முடிந்தபோது நான்கு தகடுகளும் மைத்துனன் வசம். வெள்ளிக் காவலர் தரப்பில் உயிர்ச்சேதம் பூஜ்யம். நாற்பத்திரண்டு பேரும் ஒரு கீறல்கூட இல்லாமல் பஞ்சு வைத்த பெட்டிக்குத் திரும்பினார்கள்.

அணித் தலைவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், மென்மையான மனிதர். பாத்ரூமிலிருந்து கண் சிவந்து வந்த நம்மவரைப் பார்த்து அவருக்குப் பாவமாகிவிட்டது.

"தோக்கறது தப்பில்ல சார். அதுல இருந்து என்ன கத்துக்கிட்டீங்கன்னு அடுத்த ஞாயிறு வந்து சொல்லுங்க. அதக் கேட்டுட்டு முடிவு பண்றேன்."

கற்றுக்கொள்வதா? யாரிடம் வந்து சொல்கிறார்! பம்பு ஓடாமல் திரும்பி வந்தால் காரணம் கண்டுபிடிப்பதுதானே நம்மவரின் பதினெட்டு வருடப் பிழைப்பு. முறை எளிமையானது. சந்தேகப்படும்படியான எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும், நிரபராதியை விடுவிக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவதே குற்றவாளி. அந்த நிமிஷமே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், நம்மவர். செயலாளரும் அவரே. உறுப்பினர், கணக்கு டீச்சரான அவர் மனைவி.

முதல் சந்தேகம் பகடை மேல். சாப்பாட்டு மேஜையில் அறுநூறு முறை உருட்டப்பட்டது. டீச்சர் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினார்.

"ஆறு விழுந்தது நூத்தி ரெண்டு தடவ, ஒண்ணு விழுந்தது தொண்ணூத்தெட்டு தடவ. டைஸ் நல்லாத்தாங்க இருக்கு."

"இன்னொரு அறுநூறு போட்டுப் பாத்துடலாமா?"

"நீங்க போடுங்க. எனக்குத் திருத்த வேண்டிய பேப்பர் ஒரு கட்டு கிடக்கு."

பகடை விடுதலையானது. ஆட்டத்தின்போது நம்மவர் பகடை உருட்டியதே மூன்று முறைதான் என்ற தகவல் நான்காம் அட்டவணையில், சின்ன எழுத்தில், நேர்மையாகப் பதிவாகியிருக்கிறது.

அடுத்தது மேஜை. கம்பெனியிலிருந்து ரசமட்டம் எடுத்துப் போய் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. மேஜையும் விடுதலை. மூன்றாவதாக மைத்துனன் போனில் விசாரிக்கப்பட்டான்.

"மாப்ளே, அன்னிக்கு ஏதாவது தில்லுமுல்லு பண்ணியா?"

"லிஃப்ட் கூண்டு மேல நிக்கிறேன் மாமா. இறங்கிட்டுப் பேசட்டுமா?"

"ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"இல்ல மாமா. சத்தியமா இல்ல."

பன்னிரண்டாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு ஒருவன் பொய் சொல்ல மாட்டான் என்று குழு ஒருமனதாகக் கருதியது. கடைசியாகப் படை. நாற்பத்திரண்டு பேரும் தனித்தனியாகக் கண்ணாடிக்குக் கீழே விசாரிக்கப்பட்டார்கள். பதினான்கு பக்கம், நாலு பக்கமும் எடுத்த புகைப்படங்களோடு. தீர்ப்பு: 'குறை ஏதுமில்லை'.

டீச்சர் அறிக்கையை முழுக்கப் புரட்டிப் பார்த்தார்.

"ஒண்ண மட்டும் விட்டுட்டீங்களோன்னு தோணுது."

"என்னத்த விட்டேன்? விளக்கு வெளிச்சமா? அது பதினொண்ணாம் பக்கத்துல இருக்கே!"

"சரி விடுங்க. நான் எதுக்கு வாயக் கொடுக்கணும்?"

அறிக்கை முப்பத்தெட்டு பக்கத்தில் முடிந்தது. முடிவுரை: 'தோல்விக்கான காரணம் கண்டறியப்படவில்லை. மேலும் ஆய்வு தேவை.' அதன் கீழே குழுத் தலைவரின் கையெழுத்து, சீல்.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் அதை ஒரு வரி விடாமல் படித்தார். தொழில் பழக்கம், ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நம்மவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இவ்ளோ நேர்மையான ரிப்போர்ட்ட நான் பாத்ததே இல்ல சார்," என்றார் கேப்டன். "டைஸ் மேல தப்பில்ல?"

"இல்ல."

"டேபிள்?"

"சுத்தமா மட்டம்."

"உங்க மச்சான்?"

"தங்கமான பையன் சார்."

"படை?"

"நீங்களே பாருங்க! ஒரு குறை சொல்லுங்க பாப்போம்!"

"சொல்ல முடியல சார். அதான் உங்க படையத் தேர்ந்தெடுத்துட்டேன்."

நம்மவர் எழுந்து கேப்டனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பஸ்... பஸ் எத்தனை மணிக்கு சார்?"

"வெள்ளிக்கிழமை காலைல ஆறுக்கு. பெட்டிய முந்தின நாளே உங்க மச்சான்கிட்ட குடுத்துடுங்க. அவர்தான் ஆடப் போறாரு."

அறையில் யாரோ பகடையைக் கீழே போட்டார்கள். நம்மவர் குனிந்து அதை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அப்போ நான்?"

கேப்டனுக்கு இதைச் சொல்ல மனமே இல்லை. எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்லும்போதும் அவர் இப்படித்தான் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாராம். துடைத்துப் போட்டுக்கொண்டு, முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பி நம்மவர் முன்னால் வைத்தார்.

"காரணம் கண்டுபிடிக்க முடியலன்னு எழுதியிருக்கீங்களே சார், அதுக்கு நேர் கீழயே அந்தக் காரணமே கையெழுத்து போட்டு, சீலும் குத்தியிருக்காரே?"