மூன்றாவது ஆள்

தன் எச்சில் எங்கே விழுகிறது என்று கவனித்துக்கொண்டே வாழ்ந்த மனிதர் இந்தக் கரிசல் சீமையிலேயே அவர் ஒருவர்தான். ஆய்வகத்தில் ரத்தமும் டிஎன்ஏவும் பார்க்கும் அதிகாரி. கொலை வழக்குகளில் சாட்சி சொல்லக் கோவில்பட்டி கோர்ட்டுக்கு வருவார். அங்கே சாட்சியங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. காவலர் முதல் டீ மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் 'தொடாதீங்க' சார்.

டீயை அண்ணாந்துதான் குடிப்பார். சூட்டில் கண்ணீர் வழியும். டம்ளரில் உதடு படாது. என் மகள் கல்யாணத்தில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அட்சதை போட்டார். இவிய டாக்டரா, யாருக்கு என்ன செய்யுது என்று சம்பந்தி வீட்டார் என்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒருமுறை கோர்ட்டில் ரத்தக்கறை படிந்த சட்டையை வாங்க நீதிபதி கை நீட்டியபோது, "தொடாதீங்க" என்று இவர் போட்ட சத்தத்தில் நீதிபதி கையை மடக்கிக்கொண்டார்.

பிறகு பசுவந்தனைப் பக்கத்து வழக்கு வந்தது. சோளக்காட்டில் அண்ணன் வெட்டுப்பட்டுக் கிடந்தார், தம்பி கைதானார். அரிவாள் இரண்டு வீட்டுக்கும் பொது. வெட்டுவாயில் இரண்டு பேர் ரத்தமும் இருந்தது. காலையில் சோளத்தட்டை அறுக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டதாகத் தம்பி சொன்னார். கைப்பிடியில் கலந்திருந்ததோ மூன்று பேருடைய தடயம். மூன்றாவது, யாரென்று தெரியாத ஓர் ஆண்.

அதைப் பிரித்து ஆளைச் சொல்ல முடியாதா என்று கேட்டேன்.

"மூணு பேரு ஆடு ஒரே கிடையில கலந்து நிக்கி. காதுல அடையாளம் இருந்தா பிரிச்சிரலாம். மூணாவது ஆட்டுக்குப் பாதிக் காதுதான் இருக்கு அண்ணாச்சி" என்றார். அந்தப் பாதிக் காது அவரை விடவில்லை. வாய்தாவுக்கு வாய்தா இளைத்துக்கொண்டே வந்தார்.

தம்பியின் மனைவி செல்லக்கனிக்கு அந்தப் பாதிக் காதுதான் தெய்வம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். "மூணாவது ஆளு ஒருத்தன் இருக்காம்லா அண்ணாச்சி? அப்ப அவந்தான? பிடிச்சிருவாவள்லா?" என்று என்னிடம் கேட்பாள். நான் காகிதங்களை அடுக்குவேன்.

சாட்சி நாளன்று தம்பி தரப்பு வக்கீல் அந்த மூன்றாவது ஆளைப் பற்றி அடுக்கடுக்காகக் கேட்கத் தயாராக எழுந்தார். முதல் கேள்வி முடிவதற்குள் இவர் சொன்னார்: "மூணாவது ஆளு நான்தான் ஐயா."

கோர்ட் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு விவரம் சொன்னார். சம்பவ இடத்தில் ஒரு காவலர் அரிவாளை எடுக்கப் போயிருக்கிறார். இவர் முகக்கவசத்தோடு கத்தியது காவலர் காதில் விழவில்லை. இவர் கவசத்தை இறக்கி, அரிவாள் மேல் குனிந்து, "தொடாதீங்க" என்று கத்தியிருக்கிறார். எச்சில் தெறித்தது கைப்பிடியில். ஒரு சந்தேகத்தில், தன்னுடையதையும் ஒப்பிடச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். முந்தின நாள்தான் முடிவு வந்ததாம், பொருந்திவிட்டது.

ரத்தம் யாருடையது என்று சொல்லலாம், எப்போது வந்தது என்று சொல்ல முடியாது என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அடித்தேன். ஆனால் மூன்றாவது ஆள் போய்விட்டார். மீதி இரண்டு பேர். அதில் ஒருவர் செத்தவர். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு இருந்ததற்குச் சாட்சியும் இருந்தது. ஆயுள் தண்டனை என்று தீர்ப்பானது. தம்பிதான் செய்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. 'தொடாதீங்க' சாருக்கும் தெரியாது.

தீர்ப்பன்று அவருக்குக் கோர்ட்டில் வேலை இல்லை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வராண்டாவில் செல்லக்கனி அவர் முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்லா சார்?"

"சொல்லாம இருந்தா, இல்லாத ஒருத்தனைத் தேடிக்கிட்டே இருந்திருப்பியேம்மா."

"தேடுததாவது இருந்திருக்கும்லா" என்றாள். பசுவந்தனை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ அவளைக் கூட்டிப்போனார்கள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மணி நான்கு இருபது. எனக்கு அடிக்க வேண்டிய தீர்ப்பு நகல்கள் மேஜையில் கிடந்தன. அவர் எழுந்திருக்கும்வரை நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.