மணிக்கட்டில் விளைந்த அரிசி

செவ்வாய்க்கிழமையானால் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நிற்க இடம் கிடையாது. ஷேக் தசூக்கி வருகிறாராம்! சூனியத்தால் வீங்கிய கைக்குள்ளிருந்து அரிசியை எடுத்துக் காட்டுகிறாராம்! கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. கூலி ஒரு ஜோடி வாத்து. மகானுக்கு வாத்துக் கறி என்றால் உயிர்.

அன்று முன்னால் உட்கார்ந்தவள், எருமை கறந்து பிழைக்கும் ஹானிம். வலது மணிக்கட்டு கத்தரிக்காயாக வீங்கியிருந்தது. அழுத்தினால் உள்ளே நறநறவென்று ஏதோ உருண்டது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கை போனால் அவள் பிழைப்பே போச்சு.

"ரெண்டு மாசமா தேய்க்கிறீங்க ஷேக்கே, வீக்கம் கூடிக்கிட்டேதான் போவுது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?"

"போயேன்! கத்தி பட்டதும் அரிசி நெஞ்சுக்கு ஏறும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத!"

எண்ணெய் ஊற்றித் தேய்த்தார். தட்டில் பொலபொலவென்று அரிசி விழுந்தது. கூட்டம் சிலிர்த்தது.

"சூனியம் வெச்சது யாரு தெரியுமா? உங்க ஊரு மில்லுக்காரி!"

அரிசி மில் நடத்தும் நபவிய்யா கூட்டத்தில்தான் நின்றாள். விறுவிறுவென்று வந்து தட்டைப் பிடுங்கினாள்.

"என் மில்லு அரிசியா இது? நம்ம வயல்ல விளையறது குட்டை, குண்டு. இது ஊசியாட்டம் நீளம். நீங்களே பாருங்கய்யா! சூனியம் வெக்க நான் கடையில போயி பாக்கெட் அரிசி வாங்குவேனா?"

தட்டு கைமாறியது. ஜின், பேய் என்றால் எங்கள் ஆட்கள் தலையாட்டுவார்கள். அரிசியில் அவர்களை ஏய்க்க முடியுமா?

"ஜின்னு அரிசிய நீட்டிடும்" என்றார் ஷேக்.

"நீட்டட்டும். அங்கிக் கைய மேல சுருட்டிக்கிட்டு இன்னொரு வாட்டி எடுங்க."

ஷேக் எழுந்துகொள்ளப் பார்த்தார். ஹானிமே இடது கையால் அவர் அங்கியைப் பிடித்து இழுத்தாள். ஒரு துணிப்பை விழுந்து வாய்பிளந்தது. உள்ளே அதே நீள அரிசி! மகான் வாத்துகளைக்கூட மறந்து ஓடினார்.

அடுத்த வாரம் டவுனில் டாக்டரம்மா மணிக்கட்டைத் திறந்தார். உள்ளே நிஜமாகவே அரிசி போல வெள்ளை மணிகள்.

"அப்ப ஷேக் சொன்னது...?" என்று ஹானிம் கேட்டாள்.

"அரிசியுமில்ல, சூனியமுமில்ல. காசநோய்மா. விரல இழுக்கிற தசைநாணோட உறையில அது பிடிச்சா இப்படித்தான் மணி மணியா சேரும். நோயுள்ள மாட்டோட காய்ச்சாத பால்ல இருந்தும் இது தொத்தும். எருமைப் பாலப் பச்சையாவா குடிப்பீங்க?"

"கறந்த சூட்டோட, ஊரே அப்படித்தான் குடிக்கும்."

பல மாத மாத்திரைக்குப் பிறகு ஒரு விரல் மடங்குகிறது. மற்றது மடங்கவே இல்லை. ரெண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாமாம்.

ஊரில் இப்போதும் பச்சைப் பால்தான். பக்கத்து ஊரில் புதிதாக ஒரு ஷேக் வந்திருக்கிறாராம், கூட்டம் கிளம்புகிறது. அட புண்ணியவான்களே, பால் காய்ச்சவாவது அடுப்பு வேண்டும். யோசிக்க அதுகூட வேண்டாமே!