செம்பு, களிம்பு, நண்டு

எனக்கு விளங்காத ஒன்றும் உலகத்தில் உண்டென்று நானாக ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. கோயில் ஒலிபெருக்கிதான் அதை ஊருக்குச் சொன்னது.

எங்கள் கரையோரக் கோயில் மடத்தில் ஒரு மாஸ்ரர் சைவ சித்தாந்த வகுப்புத் தொடங்கினார். "எழுத்துக்கூட்டி வாசிக்கிற உமக்கு உது ஏன் மச்சாள்?" என்றாள் மச்சாள் திரவியம். அந்த ஒரு கேள்விக்காகவே போய்ச் சேர்ந்தேன்.

ஒரு சொல்லும் ஏறவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். (நான் ஆட்டிய ஆட்டில் மாஸ்ரருக்கே பாடம் தெளிந்திருக்கும்.) அதை நம்பி, திருவிழாவில் பயன் சொல்ல என்னைப் போட்டுவிட்டார். ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றவர் அதன் பொருளைச் சபைக்கு விரித்துச் சொல்லவேண்டும். திரவியம் முன்வரிசைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினாள்.

புத்தகம் என்னோடு பேச மறுத்தது. ஆகவே, மாஸ்ரரின் மேசையில் போனை வைத்து அவர் விளக்கத்தைப் பதிந்து, அடுப்படியில் போட்டுப் போட்டுக் கேட்டு, ஒரு சொல் விடாமல் அப்படியே பாடமாக்கினேன்.

அன்று மைக்கைப் பிடித்தேன். "செம்போடை பச்சைக் களிம்பு இருக்கிற மாதிரி, ஆன்மாவோடை ஆணவம் இருக்கும்!" திரவியத்தின் வாய் திறந்தது. நான் மிதந்தேன்.

"ஆர் உது, தூணோடை நித்திரை? எழுப்பிவிடுங்கோ!"

தூணில் சாய்ந்திருந்த கோயில் தலைவர் துள்ளி எழும்பினார். (நல்ல கண்டிப்பான பேச்சு என்று சபை மெச்சியது.)

பதிவில் அடுத்த இடத்தில் மாஸ்ரர் குரலைத் தாழ்த்தியிருந்தார். ஆழமான பொருளாக்கும் என்று நானும் தாழ்த்தினேன்.

"ஓமப்பா, வரேக்கை நண்டு வாங்கியாறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். நான் மரக்கறிச் சாப்பாடு எண்டுதான் இஞ்சை எல்லாரும் நினைச்சிருக்கினம்."

ஐயரின் கையில் தீபம் பாதியில் நின்றது. மாஸ்ரரின் திருநீறு வியர்வையில் கரைந்து இறங்கியது.

"அக்கா… அது வகுப்புக்கு நடுவிலை வீட்டுக்காரி எடுத்த போன்," என்றார், அழாத குறையாக.

மைக்கை விடவும் தோன்றவில்லை. "எனக்கென்ன தெரியும் மாஸ்ரர்? செம்பு உவமை எண்டால் நண்டும் உவமைதானே! ஓட்டுக்குள்ளை இருக்கிறது ஆன்மா எண்டெல்லோ நினைச்சன்!"

அதுவும் கடற்கரைவரை கேட்டதாம்.

மாஸ்ரர் இப்போது வகுப்பு வாசலிலேயே போன்களை வாங்கி வைக்கிறார். நான் இன்னும் போகிறேன். விளங்காவிட்டால் கையைத் தூக்குகிறேன். (கை கீழே இறங்குவதேயில்லை.) திரவியம் மட்டும் எங்கள் வீட்டில் நண்டு காய்ச்சும் நாளெல்லாம் மணம் பிடித்து வந்து, சட்டியைத் திறந்து பார்த்துக் கேட்பாள்:

"மச்சாள், இண்டைக்குச் சித்தாந்தம் நல்ல உறைப்போ?"